பையில வச்சிருக்கேன், பாத்துக்கோ

வீல்சேர் தள்ளுறவனுக்குக் காசு குடுக்கலாமா கூடாதான்னு கேட்டா, எங்க ஏர்போர்ட்ல ஆளுக்கொரு பதில் சொல்லுவாங்க. சுவத்துல மாட்டியிருக்கற பலகை, 'இந்தச் சேவை இலவசம், யாருக்கும் பணம் தர வேண்டாம்'னு சொல்லும். உக்காந்து வர்றவங்க, 'இவ்வளவு தூரம் மூச்சு வாங்கத் தள்ளிட்டு வர்றான், வெறுங்கையோட எப்படி அனுப்பறது'ன்னு முழிப்பாங்க. தள்ளுறவன் வாயே திறக்க மாட்டான். திறந்தா வேலை போயிடும்.

நான் பதினோரு வருஷமா அங்க பொம்பளைங்க பாத்ரூம்ல வேலை பாக்கறேன். மூணாம் நம்பர் வாசலுக்குப் போற வழியில, ஒரு மூலை திரும்பினா என் இடம். வாளியும் துடைப்பமுமா நிக்கிறவளை யாரும் ஒரு ஆளா எண்ண மாட்டாங்க, அதனால எல்லாக் கூத்தும் என் கண்ணுல படும். சில பேர் செக்யூரிட்டிக்காரன் முன்னாடியே நோட்டை எடுத்து ஆட்டி, 'இந்தாப்பா, வச்சுக்கோ'ம்பாங்க. நல்ல மனசுதான், இல்லைங்கல. ஆனா குடுக்கற கையாலயே அவன் கழுத்தை நெரிக்கறோம்னு அவங்களுக்குத் தெரியாது. சில பேர் 'எவ்வளவுப்பா குடுக்கணும்?'னு கேப்பாங்க. அதுக்கு அவன் என்னத்தைச் சொல்லுவான்? 'உங்க இஷ்டம்'னா கேட்டு வாங்கினதாகும். 'வேண்டாங்க'ன்னா நிஜமாவே குடுக்காம போயிடுவாங்க. பிளேன்ல குடுத்த பிஸ்கட் பாக்கெட்டைக் கையில திணிச்சுட்டு, சொத்தையே எழுதி வச்ச மாதிரி சிரிக்கறவங்களும் உண்டு. ஒருத்தி பாதி குடிச்ச ஜூஸ் பாட்டிலைக் குடுத்தா. அதையும் தலையாட்டி வாங்கிக்கணும்.

கம்பெனி குடுக்கற யூனிஃபார்ம்ல பாக்கெட்டே கிடையாது. சட்டையிலயும் இல்ல, பேண்ட்லயும் இல்ல. பாக்கெட் இருந்தாத்தானே காசு போடுவாங்கன்னு எந்த மகராசன் யோசிச்சானோ. ஆனா சேரோட முதுகுப் பக்கம் ஒரு துணிப்பை தொங்கும், பாஸ்போர்ட், மாத்திரை, தண்ணி பாட்டில் இதெல்லாம் வைக்கறதுக்கு. விவரம் தெரிஞ்சவங்க ஒரு நோட்டை மடிச்சு அதுல போட்டுட்டு, 'பையில வச்சிருக்கேன், பாத்துக்கோ'ன்னு ஒரு வார்த்தை சொல்லுவாங்க. அவ்வளவுதான் விஷயம். குடுத்தவங்களும் கிடையாது, வாங்கினவனும் கிடையாது. ஆளை இறக்கி விட்டுட்டு, என் மூலை திரும்பினதும் பைக்குள்ள கைய விடுவான். அந்த மூலையில கேமரா இல்லைன்னு எல்லாரும் நம்பிட்டு இருந்தோம். பையில கிடந்தா தள்ளினவனுக்கு, இதுதான் சட்டம். எழுதி வச்ச பலகையைவிட எழுதாத இதுக்குத்தான் அங்க மரியாதை.

எனக்கும் அதுல ஒரு சொட்டு வரும், மறைக்க என்ன இருக்கு. பொம்பளை பயணிங்களை பாத்ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போக ஆம்பளைங்களால முடியாது. வாசல்ல நிறுத்துவானுங்க. நான்தான் கைத்தாங்கலா உள்ள கொண்டுபோய், உக்கார வச்சு, கழுவி விட்டு, துணியைச் சரி பண்ணித் திரும்பக் கொண்டு வந்து விடுவேன். அதுக்கு அவனுங்க டீக்காசுன்னு ஏதோ தருவானுங்க.

அவனுங்கள்ல ஒருத்தன் எனக்குக் கீழ்வீட்டுக்காரன். நான் மூணாவது மாடி, அவன் ரெண்டாவது மாடி. ஏர்போர்ட்ல அவனுக்குப் பேரு 'மெதுவா'. உக்காந்திருக்கறவங்ககிட்ட நிமிஷத்துக்கு ஒரு தடவை 'மெதுவாம்மா, மெதுவாய்யா'ன்னு சொல்லுவான், அதனால அப்படியே ஒட்டிக்கிச்சு. சரிவுல இறங்கறப்ப சேரைத் திருப்பிப் பின்பக்கமா இறக்குவான், ஆள் முன்னாடி சரிஞ்சு விழக் கூடாதுன்னு. லிஃப்டுக்குள்ளயும் சேரைத் திருப்பிப் பின்பக்கமாவே இழுத்துட்டுப் போவான். 'சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா மனுஷனுக்கு ஒரு மாதிரி இருக்கும்க்கா, கதவு திறக்கறப்ப முகம் வெளிய பாக்க இருக்கணும்'பான். மத்தவனுங்க ஒரு நாளைக்குப் பதினஞ்சு பேரைத் தள்ளினா இவன் பத்துப் பேரைத்தான் தள்ளுவான். பிழைக்கத் தெரியாதவன்னு நானே வாய்விட்டுச் சொல்லியிருக்கேன்.

அவன் பொண்டாட்டி தையல்காரி. ஜன்னல் ஓரத்துல மெஷினைப் போட்டுக்கிட்டு, நீளத்தைக் குறைக்கறது, ஜிப் மாத்தறது, கிழிசலை ஒட்டறதுன்னு நாள் முழுக்க உருட்டிக்கிட்டு இருப்பா. ரெண்டு வருஷமா அவளுக்குக் கிட்டப் பார்வை மங்கிப் போச்சு. ஊசியில நூல் கோக்க பொண்ணைக் கூப்பிடுவா, பொண்ணு இல்லைன்னா நூலும் கையுமா மாடி ஏறி என்கிட்ட வருவா. கண்ணாடி போடுடின்னா, 'போடலாம்க்கா, போடலாம்'பா. பொண்ணு ரத்தம் பரிசோதிக்கற படிப்பு படிக்குது. அந்த வீட்ல எது வாங்கணும்னாலும் அந்தப் படிப்புக்குப் பின்னாடி வரிசையில நிக்கணும்.

அது மூணு நாளா விடாம மழை பெஞ்ச நேரம். பிளேன் எல்லாம் தாமதம், ஜனங்க தரையெல்லாம் சேறாக்கி வச்சிருந்தாங்க, நான் துடைச்சுத் துடைச்சு இடுப்பு ஒடிஞ்சு நின்னேன். பதினோரு மணி வாக்குல மெதுவா ஒரு அம்மாவைத் தள்ளிட்டு வந்தான். ஒல்லியா, ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு, எழுபத்தஞ்சு வயசு இருக்கும். பாத்ரூம் போகணும்னாங்க. நான் கையைப் பிடிக்கப் போனேன். 'இரும்மா'ன்னு சொல்லிட்டு, மடியில இருந்த கைப்பையைத் துழாவி எதையோ எடுத்து, பின்பக்கம் கைய வளைச்சு அந்தத் துணிப்பைக்குள்ள போட்டாங்க. போட்டுட்டு அவனைப் பாத்து, "பையில வச்சிருக்கேன், பாத்துக்கோப்பா"ன்னாங்க.

அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "சரிம்மா"ன்னான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. வழக்கமா இறங்கறப்பதான் சொல்லுவாங்க, இந்தம்மா பாதி வழியிலயே சொல்றாங்களே, ரொம்ப நல்ல மாதிரி போலன்னு நெனச்சேன். அவங்களைத் தாங்கிக்கிட்டே திரும்பி, "இன்னைக்கு யோகம்தான் தம்பி"ன்னு மெதுவாகிட்ட சொல்லிட்டும் போனேன். இதை நான் மறக்கணும்னு பாக்கறேன், மறக்க மாட்டேங்குது.

வெளிய மருமகன் காரோட நின்னுட்டு இருந்தானாம். மழையில நனையுதுன்னு அவசர அவசரமா அந்தம்மாவை ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டான். மெதுவா காலி சேரைத் தள்ளிக்கிட்டு என் மூலைக்கு வந்தான், பைக்குள்ள கைய விட்டான். நாலா மடிச்ச மூணு பெரிய நோட்டு. அதைப் பாத்துட்டு அவன் சந்தோஷப்படல, திரும்பிப் பாத்தான். "அக்கா, இது நிஜமாவே எனக்குத்தானா?"ன்னு கேட்டான்.

"பின்ன எனக்கா? போன வருஷம் ஒரு ஆள் இதைவிட ஜாஸ்தி குடுத்துட்டுப் போனான்ல. மகராசி, மனசு குளிர்ந்து குடுத்திருக்கா. வச்சுக்கோ"ன்னு நான்தான் சொன்னேன்.

அன்னைக்குச் சாயங்காலமே பொண்டாட்டியைக் கடைக்குக் கூட்டிட்டுப் போய்க் கண்ணாடி வாங்கிக் குடுத்துட்டான். ராத்திரிச் சோறு ஆகறதுக்குள்ள அவ மாடி ஏறி வந்து, என் கண்ணு முன்னாடியே ஒரே தடவையில நூல் கோத்துக் காட்டினா. "உங்க மூஞ்சியில இத்தனை சுருக்கம் இருக்கறதே எனக்கு இப்பத்தான் தெரியுதுக்கா"ன்னா. "கண்ணாடியைக் கழட்டிட்டுப் பேசுடி"ன்னு விரட்டினேன்.

நாலாம் நாள் அவனைக் கூப்பிட்டு பாஸை வாங்கி வச்சுக்கிட்டாங்க. கழுத்துல தொங்குமே, போட்டோ ஒட்டினது, அது இல்லாம ஏர்போர்ட் வாசல்ல கால் வைக்க முடியாது. மருமகன்காரன் புகார் எழுதிப் போட்டிருக்கான். அந்தம்மாவோட தங்கச்சி ஆபரேஷன் செலவுக்குக் கொண்டு வந்த பணமாம். கைப்பையில ஜிப் பிஞ்சு போயிருந்ததால, பாத்ரூம்ல விழுந்துடுமோன்னு எடுத்து சேர்ப் பையில வச்சுட்டு, பாத்துக்கச் சொல்லிட்டுப் போனாங்களாம். கார்ல ஏறுற அவசரத்துல மறந்துட்டாங்களாம். மூலையில கேமரா மாட்டி ஒரு மாசம் ஆச்சாம், எங்க யாருக்கும் தெரியாது. அவன் கைய விட்டதும் எடுத்ததும் பளிச்சுன்னு அதுல இருக்கு. திங்கக்கிழமை விசாரணைன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

நான் வேலை முடிஞ்சு வர்றப்ப அவங்க வீட்டுக் கதவு திறந்தே கிடந்துச்சு. மெஷின் ஓடல. அவன் கட்டில் ஓரத்துல உக்காந்திருந்தான், பொண்டாட்டி எதிர்ல தரையில. பொண்ணு புஸ்தகத்தை மடியில வச்சுக்கிட்டுப் படிக்காம இருந்துச்சு. நானும் போய் உக்காந்தேன்.

"அந்தம்மா உங்ககிட்ட என்ன சொன்னாங்க, வார்த்தை மாறாம சொல்லுங்க"ன்னா அவ.

"பையில வச்சிருக்கேன், பாத்துக்கோப்பான்னாங்க."

"பாத்துக்கோன்னா பத்திரமாப் பாத்துக்கோன்னு அர்த்தம். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே."

"உனக்குத் தெரியும். எனக்கு எட்டு வருஷமா அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம். அதைச் சொல்லிட்டு ஒருத்தராவது எதையாவது பத்திரமா வச்சதில்ல. எல்லாரும் எனக்குத்தான் வச்சாங்க."

பொண்ணு நிமிராமலே சொல்லுச்சு. "மூணு பெரிய நோட்டுப்பா. அந்தம்மாவைப் பாத்தா அப்படிக் குடுக்கறவங்க மாதிரியா இருந்தாங்க? ஜிப் பிஞ்ச பையோட வந்தவங்க."

"ஜிப்பை நான் பாக்கலைம்மா."

"கண்ணு பாக்கலையா, மனசு பாக்க விடலையா?"

"வாயை மூடுடி"ன்னு அம்மாக்காரி அதட்டினா. ஆனா அவன் கோவப்படல. "ரெண்டாவதாவும் இருக்கலாம். சட்டுன்னு உங்கம்மா கண்ணு ஞாபகம் வந்துருச்சு"ன்னான். 'வச்சுக்கோ'ன்னு சொன்னவ நான்தானே.

அவ என் பக்கம் திரும்பினா. "அக்கா, நீங்க பக்கத்துல இருந்தீங்கதானே? உங்க காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சுடி. எனக்கும் டிப்ஸுன்னுதான் பட்டுச்சு. நான்தான் யோகம்னு கூடச் சொன்னேன்."

"அதை அங்க வந்து அப்படியே சொல்லுவீங்களா? அந்தம்மா சொன்னதையும், உங்களுக்கு என்னன்னு பட்டுச்சுங்கறதையும். வேற ஒண்ணும் வேண்டாம்க்கா. இவர் தப்பா எடுத்துக்கிட்டார், திருடலைன்னு ஒரு வாயாவது சொன்னாப் போதும்."

"ஏன் சொல்லாம? இதுக்குப் போய்க் கெஞ்சுவியா? சொல்றேன்டி"ன்னேன். மனசாரத்தான் சொன்னேன். அந்த நிமிஷத்துல என்னைவிட யோக்கியக்காரி இந்தக் கட்டடத்துல யாரும் இல்ல.

அவ கண்ணாடியைக் கழட்டி டப்பாவுல வச்சு, அலமாரி மேல தள்ளிட்டா. "பணத்தைக் கட்டித் தீர்க்கற வரைக்கும் இதைப் போட்டுக்க மாட்டேன்"னுட்டு, ஊசியை எடுத்துப் பொண்ணுகிட்ட நீட்டினா.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் மெதுவா வீட்டுக்கு மீசை வந்தான். சேர் தள்ளுறவனுங்கள்ல அவன்தான் பழைய ஆள், எது பேசணும்னாலும் அவன்தான் பேசுவான். கூட ரெண்டு பேர். மூணு ஜோடி செருப்பும் நனைஞ்சு போய் வாசல்ல கிடந்துச்சு. அவ டீ போட்டுக் குடுத்தா. நான் வெங்காயம் உரிச்சுக் குடுக்கலாம்னு வந்தவ, அப்படியே அடுப்படி நிலைப்படியில உக்காந்துட்டேன்.

மீசை டீயைக் கையிலயே வச்சிருந்தான். "மெதுவா, நீ தப்புப் பண்ணலைன்னு எங்க எல்லாருக்கும் தெரியும்டா."

"அதை நாளைக்கு வந்து சொல்லுங்களேன் அண்ணே"ன்னா அவ.

"சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியாம்மா? பை விஷயம் வெளிய வரும். 'அப்ப எல்லாரும் இப்படித்தான் வாங்கறீங்களா'ன்னு கேப்பான். கேமராவை ஓட்டிப் பாப்பான். ஒரு மாசத்துக் கேமராவுல நாப்பது பேர் கையும் இருக்கும். பலகையில எழுதியிருக்கு, பணம் வாங்கினா வேலை போகும்னு எல்லார்கிட்டயும் கையெழுத்தும் வாங்கி வச்சிருக்கான்."

"அதுக்கு இவரை என்ன செய்யச் சொல்றீங்க?"

"'எடுத்துட்டேன் சார், புத்தி கெட்டுப் போச்சு, பணத்தைக் கட்டிடறேன்'னு சொல்லட்டும். ஒருத்தனோட போயிடும்."

"அந்த ஒருத்தன் யாருன்னே? எங்க வீட்டுக்காரர்தானே. நீங்க எல்லாரும் சேந்து பண்ணினதை டிப்ஸும்பீங்க, இவர் ஒருத்தர் பண்ணினா திருட்டா?"

"கத்தாதம்மா. நாங்க விட்டுருவோமா? ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மாசாமாசம் கொண்டாந்து குடுக்கறோம். பொண்ணு படிப்பு முடியற வரைக்கும்."

"திருடன் பொண்டாட்டிக்கு மாசச் சம்பளமாக்கும்." அவ குரல் உயரவே இல்ல. "வேலை போனா இன்னொரு வேலை தேடிக்கலாம்னே. மூட்டை தூக்கலாம், நானும் தைக்கறேன். பேரு போச்சுன்னா எந்தக் கடையில போய் வாங்கறது? நாளைக்கு இவளை ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேக்கறவன், 'உங்கப்பா ஏன் வேலையை விட்டார்'னு கேக்க மாட்டானா?"

மீசை டீயைக் கீழ வச்சான். "எனக்கு மட்டும் இதைச் சொல்ல ஆசையாம்மா? என் வீட்லயும் படுத்த படுக்கையா ஒரு ஆள் இருக்கு. நான் தள்ளற சேர் நின்னா அங்க மருந்து நின்னுடும்."

கட்டில் ஓரத்துல இருந்த மெதுவா குறுக்க பேசினான். "நான் யார் பேரையும் சொல்ல மாட்டேன் அண்ணே. என் கதையை மட்டும் சொல்லிக்கறேன்."

"உன் கதையில நாங்க இல்லாம எப்படிடா? 'பாத்துக்கோ'ன்னா டிப்ஸுன்னு உனக்கு யார் சொல்லிக் குடுத்ததுன்னு கேப்பான்ல?"

"நீங்கதான் அண்ணே சொல்லிக் குடுத்தீங்க. நான் சேந்த முதல் நாள்."

மீசைக்கு முகம் சுண்டிப் போச்சு. வெளிய மழை கொட்டிக்கிட்டு இருந்துச்சு, மூணு டம்ளர்லயும் டீ ஆறிப் போய் ஏடு படிஞ்சு கிடந்துச்சு. அவனுங்க எழுந்து போனப்ப யாரும் போய்ட்டு வர்றேன்னு சொல்லிக்கல.

நானும் மேல போகலாம்னு கிளம்பினேன். படிக்கட்டுல மீசை எனக்காக நின்னுட்டு இருந்தான், மத்த ரெண்டு பேரைக் கீழ அனுப்பிட்டு.

"அக்கா, அவன் மட்டும் சொன்னா, தப்பிக்கறதுக்கு ஏதோ கதை விடறான்னு நெனச்சுக்குவாங்க. சாட்சின்னு ஒருத்தர் வந்து ஆமாம்னாத்தான் அது நிக்கும். நின்னுச்சுன்னா நாங்க தெருவுக்கு வந்துருவோம்."

"அதுக்காக நான் பொய் சொல்லணுமா?"

"பொய் எதுக்குக்கா? குழாய்ல தண்ணி ஓடிட்டு இருந்துச்சு, காதுல விழல. அவ்வளவுதான். நாப்பது வீட்டு அடுப்புக்கா. அதுல உங்களுதும் ஒண்ணு. பதினோரு வருஷமா டீக்காசு வாங்கியிருக்கீங்க, அதுவும் கேமராவுல இருக்கும். உங்களுக்கு என்ன வயசு, அம்பத்தெட்டா? இந்த வயசுல இன்னொரு பாத்ரூம் தேடிட்டு அலைவீங்களா?"

நான் மேல வந்து கதவைச் சாத்திக்கிட்டேன். என் புருஷன் போய்ச் சேந்து ஒம்பது வருஷம். எனக்குப் புள்ளைகுட்டி கிடையாது. இந்த வேலை போனா எனக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்த யாரு இருக்கா? இப்படியே கேட்டுக் கேட்டு விடிய வச்சேன். நல்லவளா இருக்கறதுக்கும் கையில நாலு காசு வேணும்போல.

விசாரணை ஒரு சின்ன ரூம். மேஜைக்குப் பின்னாடி மேனேஜர், பக்கத்துல எழுதறதுக்கு ஒரு பொண்ணு. முதல்ல என்னைத்தான் கூப்பிட்டாங்க. மேனேஜர் கெட்டவன் இல்ல. உக்காரச் சொன்னான், தண்ணி குடுத்தான்.

"இங்க பாரும்மா. எடுத்தது கேமராவுல இருக்கு, அதைப் பத்திப் பேச்சில்ல. தப்பாப் புரிஞ்சுக்கிட்டு எடுத்தான்னா அது ஒரு மாதிரி. பதினஞ்சு நாள் உக்கார வச்சுட்டுத் திரும்பச் சேத்துக்கலாம். தெரிஞ்சே எடுத்தான்னா அது திருட்டு. பாஸ் ரத்தாகும், எந்த ஏர்போர்ட்லயும் அவன் வேலை பாக்க முடியாது. அதனால கேக்கறேன். அந்தம்மா அவன்கிட்ட என்ன சொன்னாங்கன்னு நீ கேட்டியா? கேட்டவுடனே உனக்கு என்னன்னு தோணுச்சு?"

அவ்வளவு தெளிவாக் கேட்டான். பதிலும் என் நாக்கு நுனியில நின்னுச்சு.

"குழாய்ல தண்ணி ஓடிட்டு இருந்துச்சு சார். காதுல விழல."

"ஒண்ணுமே கேக்கலையா?"

"இல்ல சார்."

அந்தப் பொண்ணு எழுதிக்கிச்சு. என்னைச் சுவர் ஓரமா நிக்கச் சொல்லிட்டு மெதுவாவை உள்ள கூப்பிட்டாங்க. நல்லாத் தலை வாரி, தேய்ச்ச சட்டை போட்டுக்கிட்டு வந்தான். என்னைப் பாத்து லேசாத் தலையாட்டினான், நீங்க இருக்கீங்கல்ல, பயமில்லங்கற மாதிரி.

"இந்தம்மா எதுவும் காதுல விழலைங்கறாங்க. நீ என்ன சொல்றே?"ன்னான் மேனேஜர்.

மெதுவா என்னைத் திரும்பிப் பாத்தான். கோவமாப் பாத்திருந்தா நான் பிழைச்சிருப்பேன். அவன் பாத்தது, பாத்ரூம் வாசல்ல சேரை நிறுத்திட்டு, உள்ள போறவங்க விழுந்துடுவாங்களோன்னு பாப்பானே, அந்தப் பார்வை. எனக்கு என்ன நெருக்கடியோன்னு பாக்கறான். நான் தரையைப் பாத்துக்கிட்டேன்.

"அப்ப நான்தான் சார் எடுத்தேன்"னான்.

"அப்பன்னா?"

"தெரிஞ்சுதான் சார் எடுத்தேன். புத்தி கெட்டுப் போச்சு. பணத்தைக் கட்டிடறேன்."

ரெண்டு பேரும் ஒரே பஸ்லதான் வந்தோம், அவன் முன்னாடி, நான் பின்னாடி. எங்க கட்டடத்து வாசல்லயே அவன் பொண்டாட்டி நின்னுட்டு இருந்தா. அவன் முகத்தைப் பாத்ததுமே அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. "அக்கா சொல்லலையா?"ன்னு கேட்டா.

"சொன்னாங்க. எவ்வளவோ சொன்னாங்க. மேனேஜர்தான் காதுலயே போட்டுக்கல"ன்னான் அவன். சொல்லிட்டு என்னைப் பாக்காம படி ஏறிட்டான்.

அவ என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. "நாப்பது ஆம்பளைங்க வாயை மூடிக்கிட்டானுங்க. நீங்க ஒருத்தராவது வாயைத் திறந்தீங்களேக்கா"ன்னு அழுதா. அங்கேயே உண்மையைச் சொல்லி அவ கால்ல விழுந்திருக்கணும். விழல. "விடுடி, விடுடி"ன்னு அவ முதுகைத் தடவிக் குடுத்துட்டு மேல வந்து, சோறாக்கித் தின்னேன். தொண்டையில இறங்காதுன்னுதான் நெனச்சேன். இறங்கிடுச்சு.

மீசை ரெண்டு மாசம் கவரைக் கொண்டாந்தான். ரெண்டு தடவையும் அவ கதவைத் திறக்கல, மூணாம் மாசம் அவன் வரல. மெதுவாவுக்கு கேஸ் கடையில வேலை கிடைச்சுது, சிலிண்டரை வீடு வீடாப் போய்ப் போடற வேலை. ஆனா ஊர் வாயை மூட முடியுமா? மளிகைக்கடைக்காரன் அவன் வந்தா கல்லாவைச் சாத்திட்டுத்தான் சாமான் எடுக்கப் போவான். பொண்ணு பயிற்சிக்குப் போற இடத்துல எவளோ மோதிரத்தைக் காணோம்னு தேடினப்ப, முதல்ல இந்தப் புள்ளையோட பையைத்தான் கொட்டிப் பாத்தாங்களாம். மோதிரம், தொலைச்சவ கைகழுவின இடத்துலயே கிடந்துச்சாம். பொண்ணு வீட்டுக்கு வந்து சாப்பிடாமப் படுத்துக்கிச்சு. தையல்காரி இதையெல்லாம் என்கிட்ட வந்துதான் சொல்லுவா. என்னை விட்டா அவளுக்கு யாரும் இல்லையாம். என் யூனிஃபார்ம்ல தோள்பட்டை பிரிஞ்சதைக் கேக்காமலே எடுத்துட்டுப் போய்த் தைச்சுக் கொண்டாந்து குடுத்தா, காசு வேண்டாம்னுட்டா. கண்ணாடி போடாமலே தேடித் தேடிப் பொடிப்பொடியாத் தையல் போட்டிருந்தா. அவ முன்னாடி உக்காந்திருக்கறப்ப எல்லாம் சொல்லிடணும்னு தோணும். அவ எழுந்து போனதும், நல்லவேளை சொல்லலைன்னு தோணும்.

போன வாரம் எனக்கு சிலிண்டர் தீந்து போச்சு. கடைக்குச் சொல்லியிருந்தேன். ஞாயித்துக்கிழமை காலையில மெதுவாதான் தோள்ல வச்சு மூணு மாடி ஏத்திக் கொண்டாந்தான். வேர்வை வழிய நிலைப்படியில நின்னு, "உள்ள கொண்டாந்து மாட்டிடவாக்கா?"ன்னான். "வாப்பா, வா"ன்னேன். அவன் ஒரு கால் எடுத்து உள்ள வச்சான்.

என் பர்ஸ் அடுப்படி மேடை மேல கிடந்துச்சு. நான் யோசிக்கவே இல்ல. சத்தியமா யோசிக்கல. என் கை தானாப் போய் அதை எடுத்து முந்தானைக்குள்ள வச்சுக்கிச்சு. அவன் திருடன் இல்லைன்னு காதால கேட்டு, கண்ணால பாத்து, சாட்சி சொல்லக்கூடியவ இந்த உலகத்துல நான் ஒருத்திதான். என் கைதான் போச்சு.

அவன் பாத்துட்டான். வச்ச காலைப் பின்னாடி எடுத்துக்கிட்டான். சிலிண்டரைத் தோள்ல இருந்து இறக்கி, சத்தம் வராம நிலைப்படிக்கு உள்பக்கமா வச்சான்.

"நீங்களே உள்ள உருட்டிக்குங்கக்கா. நான் இங்கயே நிக்கறேன், காலி சிலிண்டரைக் கொண்டாந்து குடுத்தீங்கன்னா எடுத்துட்டுப் போயிடறேன்"னான்.

நான் அதை உருட்டிக்கிட்டுப் போனேன். கனமா இருந்துச்சு, ரெண்டு எட்டுக்கு ஒரு தடவை நின்னேன். வெளிய இருந்து அவன் குரல் கேட்டுச்சு. "மெதுவாக்கா. கால்ல போட்டுக்காதீங்க."